தலைவர் நல்லவர்; சங்கம் ஏன் தளர்ந்தது?

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழையில் நனைந்தபடி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். அரியாலை, செம்மணி, நாவற்குழி என்று நீண்ட அந்த நடையை, நடந்தவர்கள் எவரும் மறக்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போனோம்: காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு பானை, கொஞ்ச அரிசி. அடுத்த ஆண்டு சித்திரை, வைகாசியில் பலர் திரும்பினோம். 2000ஆம் ஆண்டு மே மாதச் சண்டையில் அரியாலை, கொழும்புத்துறைப் பக்கத்துக் குடும்பங்கள் மறுபடியும் மூட்டை கட்டின.

இவ்விடத்தில் ஒரு கேள்வி. அந்த முதல் இரவில் உங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்கேடு யாருடைய சயிக்கிளில் போனது?

ஏடு ஒருவருடைய மேசை லாச்சியில் மட்டும் இருந்து, அவர் அதை எடுக்க மறந்திருந்தால், யார் எவ்வளவு பங்குப்பணம் கட்டினார், யார் எவ்வளவு கடன் எடுத்தார் என்பது அந்த இரவோடு அழிந்தது. இரண்டு பேரிடம் படி இருந்திருந்தால், திரும்பி வந்தபின் ஒரு மரநிழலில் இருந்தாவது சங்கத்தை மீண்டும் தொடங்கியிருக்கலாம். ஒரு சங்கத்தின் வாழ்வும் சாவும் பெரிய திட்டங்களில் மட்டும் தங்கியிருப்பதில்லை. தலைவர்களின் சின்னஞ்சிறு பழக்கங்களிலும் தங்கியிருக்கின்றன. அவற்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

யார் தலைவர்?

தொழில் நடத்தும் தலைவர் என்றவுடன் கொழும்பில் பெரிய கம்பனி நடத்தும் முதலாளியை நினைக்கவேண்டாம். கமக்காரர் அமைப்பின் தலைவர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர், சிக்கனக் கடனுதவிச் சங்கத்தின் செயலாளர், பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய அரைக்கும் ஆலையைப் பார்ப்பவர், இவர்கள் எல்லோரும் பிறருடைய காசையும் உழைப்பையும் வைத்துத் தொழில் நடத்துபவர்களே.

களவு எடுக்கும் தலைவரைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவருக்குச் சட்டம் இருக்கிறது. நாம் எழுதுவது நேர்மையான, உழைப்பாளியான, ஊர் மதிக்கும் தலைவரைப் பற்றி. அவர் இருக்கும்போதே சங்கம் தளர்ந்துபோனால் அதற்குக் காரணம் என்ன?

காப்பாற்றிய பழக்கமே கெடுக்கும்

இடம்பெயர்ந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். பாடசாலைக் கட்டிடத்தில் அறுபது குடும்பங்கள். நிவாரணப் பட்டியல் எழுதவேண்டும், கிராம சேவையாளரைக் காணவேண்டும், தண்ணீர்ப் பவுசர் வரச் செய்யவேண்டும், மலசலகூடத்துக்குக் குழி வெட்டவேண்டும். அப்போது ஒருவர் முன்னுக்கு வந்தார். கூட்டம் கூட்ட நேரமில்லை, அவரே தீர்மானித்தார். கணக்கு எழுதக் கொப்பி இல்லை, மனதில் வைத்துக்கொண்டார். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். அவர் இல்லாவிட்டால் பலர் பட்டினி கிடந்திருப்பார்கள்.

அதே மனிதரை ஊர் திரும்பியபின் சங்கத் தலைவராக்கினோம். அது இயல்பு, நன்றியும்கூட. ஆனால் நிவாரணம் எடுத்துக் கொடுப்பது வேறு, தொழில் நடத்துவது வேறு. முகாமில் ஒருவரே எல்லாம் செய்தது பலமாக இருந்தது. தொழிலில் அதுவே பலவீனமாகிறது.

அமெரிக்காவில் பெரிய நிறுவனத் தலைவர்களுக்கு ஆலோசனை கூறும் மார்ஷல் கோல்ட்ஸ்மித் என்பவர், 2007இல் வெளியான தமது நூலொன்றில் இப்படிப்பட்ட இருபது பழக்கங்களைப் பட்டியலிட்டார். அவர் கண்டதும் இதுதான்: ஒருவரை மேலே ஏற்றிவிட்ட குணங்களே அதற்கு அப்பால் போகவிடாமல் அவரைத் தடுக்கின்றன. அநேகமான குறைகள் திறமைக் குறைவால் வருபவையல்ல, மற்றவர்களோடு பழகும் முறையால் வருபவை. எங்கள் ஊருக்குப் பொருந்துகின்ற ஆறு பழக்கங்களைப் பார்ப்போம்.

விளக்கத்துக்காக ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அரியாலை கிழக்கில் மீளக்குடியேறிய முப்பது குடும்பங்கள் வெங்காயத்தையும் மரக்கறியையும் சேர்த்து விற்கத் தொடங்குகின்றன. தலைவர் இளைப்பாறிய ஆசிரியர். எல்லோரும் அவரை மாஸ்ரர் என்று அழைப்பார்கள். பொருளாளர் ஓர் இளம் பெண்.

1. எல்லாவற்றையும் தானே செய்தல்

களஞ்சியத் திறப்பு மாஸ்ரரிடம். வங்கிப் புத்தகம் மாஸ்ரரிடம். வாங்க வரும் வியாபாரியின் தொலைபேசி இலக்கமும் மாஸ்ரரிடம்தான். "மற்றவையிட்டை விட்டாப் பிழைச்சுப் போகும்" என்பார். அது சோம்பல் இல்லை, பொறுப்புணர்ச்சி. ஆனால் மாஸ்ரர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தால் வெங்காயம் களஞ்சியத்தில் முளைக்கும்.

இதற்கு எளிய பரீட்சை ஒன்று உண்டு. தலைவர் நாளைக்கே இல்லாமற் போனால் சங்கம் எத்தனை நாள் ஓடும்? ஒரு கிழமை என்று பதில் வந்தால் அது சங்கம் அல்ல, ஒருவருடைய கடை. அடிக்கடி இடம்பெயர்ந்த எமக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. குடும்பங்கள் சிதறின, சிலர் வன்னிக்குப் போனார்கள், சிலர் கொழும்புக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. ஒருவர் தலையில் மட்டும் இருந்த அறிவு அவரோடு போய்விட்டது.

2. ஒவ்வொரு யோசனையிலும் தன் கை வைத்தல்

ஒரு நாள் பொருளாளர் சொல்கிறார்:

"மாஸ்ரர், இந்தமுறை வெங்காயத்தைத் தரம்பிரிச்சு அனுப்புவமே? சின்னனையும் பெரிசையும் கலந்துவிட்டா, சின்னனுக்குரிய விலையைத்தான் எல்லாத்துக்கும் போடுறாங்கள்."

"நல்லம் பிள்ளை. ஆனா உதை நாங்கள் வேற விதமாச் செய்வம். சாக்கு வேண்டாம், பெட்டி எடுப்பம். உங்கடை வீட்டிலை வேண்டாம், என்ரை வளவிலை வைச்சுப் பிரிப்பம். ஆக்களை நான் பாத்துச் சொல்லுறன்."

மாஸ்ரர் சொன்னவை ஒருவேளை நல்ல திருத்தங்களாக இருக்கலாம். ஆனால் யோசனை இப்போது பிள்ளையுடையதல்ல. கோல்ட்ஸ்மித் இதை ஒரு கணக்காகச் சொல்வார்: தலைவர் கை வைத்ததால் யோசனை ஐந்து வீதம் நல்லதாகலாம்; அதைச் செய்யப்போகிறவரின் ஊக்கமோ ஐம்பது வீதம் குறைந்துவிடும். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை யோசனை கொண்டுவர மாட்டார். மாஸ்ரரோ, "இந்தக் காலத்து இளம் ஆக்களுக்கு அக்கறையில்லை" என்று கவலைப்படுவார்.

"நல்லம் பிள்ளை, செய்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது தலைவருக்குக் கடினமான வேலை. ஆனால் அதுதான் வேலை.

3. கெட்ட செய்தி கொண்டுவருபவரைக் கடிதல்

நூறு கிலோ வெங்காயம் அழுகிவிட்டது என்று களஞ்சியம் பார்ப்பவர் வந்து சொல்கிறார். "நீர் என்ன பாத்துக்கொண்டிருந்தனீர்?" என்று நாலுபேருக்கு முன்னால் ஏச்சு விழுகிறது. அடுத்தமுறை அழுகும்போது அவர் சொல்லமாட்டார். இருநூறு கிலோ அழுகியபின் மணத்திலிருந்துதான் தலைவருக்குத் தெரியவரும்.

திருக்குறளில் பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரம் இதைத்தான் அரசனுக்குச் சொல்கிறது: தன் பிழையைக் கண்டித்துச் சொல்ல ஆளில்லாதவனை அழிக்க வேறு பகைவர் தேவையில்லை. எங்கள் ஊரில் இடித்துச் சொல்பவரைக் "குழப்பக்காரன்" என்று ஒதுக்குகிறோம். கணக்குக் கேட்டவரை, "எங்களை நம்பேல்லையோ?" என்று வாய் அடைக்கிறோம். கணக்குக் கேட்பது சந்தேகம் அல்ல, உறுப்பினரின் கடமை.

4. வேண்டியவருக்கு ஒரு நீதி

சங்கத்தின் நீர் இறைக்கும் இயந்திரம் முறைப்படி வீடு வீடாகப் போகவேண்டும். தலைவரின் மைத்துனர் தோட்டம் வாடுகிறது. "ஒரு நாள்தானே" என்று முறை மாறுகிறது. கடன் கொடுக்கும்போதும் இதுவே. தலைவருக்குத் தான் பக்கச்சார்பு காட்டுவதாகத் தெரியாது. தன்னோடு கதைக்க வருபவரின் கஷ்டம் அவருக்குத் தெரிகிறது. வராதவரின் கஷ்டம் தெரிவதில்லை. வராதவர் யார்? பெரும்பாலும் கணவனை இழந்த பெண், காணி இல்லாதவர், வேறு சாதியார், வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர். இடம்பெயர்வு எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் படுக்க வைத்தது. ஊர் திரும்பியபின் கூட்டத்தில் யார் கதிரையில் இருக்கிறார், யார் வாசலில் நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1844ஆம் ஆண்டு மார்கழி மாதம் இங்கிலாந்தின் றொச்டேல் என்ற ஊரில் நெசவாளர் உட்பட 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி போன்ற சில பொருட்களே அங்கு இருந்தன. இன்று உலகெங்கும் உள்ள கூட்டுறவுகள் அந்தக் கடையைத் தம் முன்னோடியாகக் கொள்கின்றன. அவர்கள் வைத்த விதிகளில் ஒன்று, எவருக்கும் கடனுக்குச் சாமான் இல்லை என்பது. அதே ஊரில் முன்பு ஒரு கூட்டுறவுக் கடை கடன் கொடுத்தே நொடித்ததை அவர்கள் கண்டிருந்தார்கள். மற்றொரு விதி, பங்கு எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. விதி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போது தலைவர் எவருடைய முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை.

5. "கணக்குக் கையிலை இருக்கு, பிறகு எழுதுவம்"

நேர்மையான தலைவர்கள் விழும் குழி இது. லொறிக் கூலி கொடுத்தார், பற்றுச்சீட்டு எடுக்கவில்லை. சொந்தக் காசில் சாக்கு வாங்கினார், எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து 8,000 ரூபா இடிக்கிறது. அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை. உண்மையில் தன் காசையும் போட்டிருக்கிறார். ஆனால் ஊர் அதை நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது? மனம் உடைந்து விலகுகிறார். சங்கமும் படுத்துவிடுகிறது.

றொச்டேல்காரர்கள் கணக்கை உறுப்பினர் முன் அடிக்கடி வைக்கவேண்டும் என்பதையும் தம் கொள்கையாக்கியிருந்தார்கள். அது திருடனைப் பிடிக்க மட்டுமல்ல, நல்லவரைக் காப்பாற்றவும்தான். கணக்கை அன்றன்றே எழுதுங்கள். மாதம் ஒருமுறை வரவு, செலவு, கையிருப்பு என்ற மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதிச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் உரத்து வாசியுங்கள்.

6. பழைய வெற்றியில் தங்கி நிற்றல்

யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஒரு காலத்தில் எங்கள் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. அதை விற்பதற்கென்றே 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனவுச் சங்கம் இயங்கியது. 1929இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு மாகாண வங்கி தொடங்கியது. மூளாயில் மக்கள் கூட்டுறவாகவே ஒரு வைத்தியசாலையை அமைத்தார்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வி. வீரசிங்கம் போன்றோர் அந்த இயக்கத்தில் உழைத்தார்கள். யாழ்ப்பாண நகரில் உள்ள வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பின்னர் திருவிதாங்கூர்ச் சந்தை மூடியது. பிழைத்தவர்கள் யார்? சுருட்டுக்கும், பின்பு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்குக்கும் மாறியவர்கள். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விளைந்தன. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. "போன வரிசம் நல்ல விலை போனது, இந்த வரிசமும் அதையே போடுவம்" என்றவர்கள் அடிபட்டார்கள்.

சங்கங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 1971இல் நாடெங்கும் ஊர்மட்டத்தில் இருந்த ஆயிரக்கணக்கான சிறிய கூட்டுறவுச் சங்கங்கள், சில நூறு பெரிய பலநோக்குச் சங்கங்களாக இணைக்கப்பட்டன. பெரிய சங்கத்துக்குப் பலம் கூடியது. ஆனால் "இது எங்கடை சங்கம்" என்ற சொல் பல ஊர்களில் "அது சங்கக்கடை" என்று மாறிப்போனது. தீர்மானம் உறுப்பினரை விட்டுத் தூரப் போகும்போது அவர் மனமும் தூரப் போகிறது.

ஆகவே "உதெல்லாம் நாங்கள் முந்தியே செய்து பாத்தது தம்பி" என்று தலைவர் சொல்லும்போது கொஞ்சம் நில்லுங்கள். முந்திச் செய்தபோது இருந்த சந்தை இன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

உறுப்பினர்களின் பங்கு

இந்த ஆறு பழக்கங்களும் தலைவரிடம் தனியே முளைப்பதில்லை. நாங்களே தண்ணீர் ஊற்றுகிறோம். பொதுக்கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, "மாஸ்ரர் பாத்துச் செய்வார்" என்கிறோம். பதவிக்கு வேறு எவரும் முன்வராததால் ஒருவரையே பதினைந்து வருடம் வைத்திருக்கிறோம். பிறகு, "அந்தாள் விடுகிறாரில்லை" என்று வேலிக்கு அப்பால் நின்று கதைக்கிறோம்.

சந்தையில் பாரத்தில் பத்து வீதம் கழிவு வெட்டுவதைப் பற்றி யாழ்ப்பாணத்து விவசாயிகள் நெடுங்காலம் முறையிட்டு வந்திருக்கிறார்கள். 1,000 கிலோ கொண்டுபோனால் 100 கிலோவுக்குக் காசில்லை. தனியாகப் போகும் கமக்காரர் இதை எதிர்த்து நிற்பது கடினம். முப்பது குடும்பங்கள் ஒன்றாக நின்றால் பேசலாம். தளர்ந்த சங்கத்தால் இழப்பது இதுதான்: ஒவ்வொரு மூட்டையிலும் பத்தில் ஒரு பங்கு, அதோடு நிமிர்ந்து நின்று விலை பேசும் தைரியம்.

மாறுவது எப்படி?

ஒரு பழக்கத்தை ஏச்சினால் மாற்றமுடியாது. ஒழுங்குகளால் மாற்றலாம்.

• எந்த வேலையையும் குறைந்தது இரண்டு பேர் அறிந்திருக்கவேண்டும். கணக்கேட்டின் படி ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

• கூட்டத்தில் தலைவர் கடைசியாகவே தன் கருத்தைச் சொல்லட்டும். அவர் முதலில் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

• கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். காரணம் பிறகு பார்க்கலாம்.

• இயந்திர முறையையும் கடன் வரிசையையும் எழுதி ஒட்டுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் நிர்வாகசபை கூடி மாற்றட்டும்.

• ஒரு பதவியில் ஒருவர் எத்தனை வருடம் இருக்கலாம் என்று யாப்பில் எழுதுங்கள். விலகும் முன் ஒரு வருடம் அடுத்தவரைத் தன்னோடு வைத்துப் பழக்கட்டும். விலகுபவருக்கு ஊர் கூடி மரியாதை செய்யட்டும். அவமானப்பட்டு விலகும் நிலை வரவேண்டாம்.

• தலைவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று உறுப்பினரிடம் தனித்தனியே போய், "நான் எதை நிப்பாட்டினால் சங்கத்துக்கு நல்லது?" என்று கேட்கட்டும். பதிலுக்கு நியாயம் சொல்லாமல், "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு வரட்டும்.

கடைசியாகச் சொன்னதே மிகவும் கடினமானது. வயதில் மூத்த ஒருவர், ஊருக்காக இருபது வருடம் ஓடியவர், இளம் பிள்ளையிடம் போய் இப்படிக் கேட்பது லேசல்ல. கேட்கும் தலைவரை ஊர் குறைவாக மதிக்காது.

எமது கற்பனைச் சங்கத்தின் மாஸ்ரருக்கு மீண்டும் வருவோம். அவர் ஒரு நாள் களஞ்சியத் திறப்பின் இரண்டாவது பிரதியைப் பொருளாளர் கையில் கொடுத்து, "பிள்ளை, இந்தக் கிழமை வியாபாரியோடை நீங்களே கதையுங்கோ" என்று சொன்னால், அன்றுதான் அந்தச் சங்கம் ஒருவருடைய கடை என்ற நிலையைத் தாண்டுகிறது. இனி ஓர் இடப்பெயர்வு வராமல் இருக்கட்டும். வந்தாலும், ஏடு ஒன்றுக்கு மேற்பட்ட சயிக்கிளில் போகட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எங்கள் சங்கத் தலைவர் ஒரு மாதம் இல்லாவிட்டால் எந்த வேலைகள் நின்றுபோகும்?

2. கடைசியாக நடந்த மூன்று கூட்டங்களில் வாய் திறக்காதவர்கள் யார்? ஏன்?

3. எங்கள் கணக்கின் படி வேறு யாரிடம் இருக்கிறது?

4. மேலே சொன்ன ஆறு பழக்கங்களில் என்னிடம் உள்ளது எது? (தலைவர்கள் மட்டுமல்ல, எல்லோரும் பதில் சொல்லவும்.)